பால்வெட்டு விரல்

இப்போதெல்லாம் மருந்துக்கடையில் கேட்டால் விரலைக் கவ்விப் பிடிக்கும் ஒரு குட்டிக் கருவியை எடுத்து நீட்டுகிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் என் மனைவியும் ஒன்று வாங்கினார். தினமும் பசியாறுவதற்கு முன் அதை என் விரலில் மாட்டி, எண்ணைப் பார்த்து, "இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுத் தோசை ஊற்றப் போய்விடுவார். அந்தக் கருவியின் பாட்டன் ஒன்றைத் தள்ளுவண்டியில் ஏற்றி ஈப்போவில் வார்டு வார்டாகத் தள்ளிக்கொண்டு திரிந்தவன் நான் என்று அவரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அத்தனை தடவை சொன்னதாலேயே அவர் இப்போது கேட்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்து நான்கு வயது. ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அறையில் உதவியாளன் வேலை. உதவியாளன் என்றால் டாக்டர் கை நீட்டும்போது கத்தியை எடுத்துக் கொடுப்பவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டுவது, நோயாளியை ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்கு மாற்றுவது, மயக்கம் கொடுக்கும் குழாய்களைக் கழுவிக் காயப்போடுவது, இவைதான் என் கடமைகள். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து தப்பித்து வந்து ரப்பர் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன். ஊரில் அம்மா என்னைப் பற்றிப் பேசும்போது 'ஆபரேசன் செய்யற எடத்துல இருக்கான்' என்பார். அது பொய்யில்லை. ஆபரேஷன் செய்யும் இடத்தில்தான் இருந்தேன்.

அப்படி இருந்தபோது, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த மயக்க மருந்து டாக்டர் ஒருவர் எங்கள் அறைக்கு வந்து சேர்ந்தார். காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே மலேசியாவில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்த குடும்பத்துப் பெண். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். அவர் தன்னோடு ஒரு பெட்டியையும் கொண்டு வந்திருந்தார். பழைய வால்வு ரேடியோ அளவுக்கு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி வரும். கம்பியின் நுனியில் விரல் நுழையும்படி ஒரு சின்னக் கூடு. கூட்டின் ஒரு பக்கம் கடுகு போல ஒரு பல்பு, எதிர்ப்பக்கம் வெளிச்சத்தை உணரும் ஒரு சில்லு. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் விரலில் ரத்தம் ஏறும். ரத்தம் ஏறினால் அதைக் கடந்து வரும் வெளிச்சம் குறையும், இறங்கினால் கூடும். பெட்டியிலிருக்கும் பேனா அந்தக் கூடுதல் குறைச்சலை ஓடும் தாளில் அலையாக வரையும். அலை உயரமாக இருந்தால் விரல் நுனிவரை ரத்தம் தாராளமாக வருகிறது என்று பொருள்.

இதனால் என்ன பயன் என்று நான் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வீட்டுல கஷ்டம் வந்தா முதல்ல யாரை நிறுத்துவீங்க? பேப்பர் போடறவரை. அரிசிக்காரரை நிறுத்த மாட்டீங்க. உடம்பும் அப்படித்தான். உள்ள ஏதாவது தப்பு நடந்தா முதல்ல கைகாலுக்குப் போற ரத்தத்தை நிறுத்திடும்."

ஆபரேஷன் முடிந்த நோயாளிக்கு உள்ளே எங்காவது ரத்தம் கசிந்தால், மற்ற எதுவும் காட்டிக்கொடுப்பதற்கு முன்பே விரலில் அலை சுருங்கிவிடுமா என்று பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. இதில் ஒரு சிக்கல் இருந்தது. அலை ஆளுக்கு ஆள் மாறும். குளிருக்கும் வலிக்கும்கூடச் சுருங்கும். ஆகவே ஒவ்வொரு நோயாளிக்கும் ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலையே வார்டுக்குப் போய் ஒரு முறை அளந்து, அந்தத் தாளை அவருடைய படிவத்தில் ஒட்டிவிட வேண்டும். மறுநாள் ஆபரேஷனுக்குப் பிறகு அளப்பதை அதோடு ஒப்பிட வேண்டும். நேற்றைய தாள் இல்லாவிட்டால் இன்றைய தாளுக்கு அர்த்தமே கிடையாது. இதை டாக்டர் எனக்கு மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் நான் தலையாட்டினேன்.

ஏனென்றால் வார்டுக்குப் போய் அளக்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து என் நடையே மாறிவிட்டது. முழங்கால்வரை தொங்கும் வெள்ளைக் கோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பையில் மூன்று பேனாக்களைச் செருகிக்கொண்டேன். அவற்றில் ஒன்றுதான் எழுதும். தோட்டத்திலிருந்து வந்த நோயாளிகள் என்னை 'டாக்டர்' என்று கூப்பிட்டால் உடனே திருத்துவேன். ஆனால் யார் காதிலும் விழாத குரலில் திருத்துவேன். வெளி வெளிச்சம் படக்கூடாது என்பதற்காக நோயாளியின் கையை ஒரு கறுப்புத் துணிப்பைக்குள் விடச் சொல்வோம். அதைப் பார்த்துச் சிலர் மந்திரிக்கப் போகிறேன் என்று நினைத்தார்கள். தெலுக் இந்தானிலிருந்து வந்த ஒரு பெரியவர் அலை ஓடுவதைக் கவனமாகப் பார்த்துவிட்டு, இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டார். நான் தாளை வெளிச்சத்தில் பிடித்து, புருவத்தைச் சுருக்கி, கவலைப்பட ஒன்றுமில்லை என்றேன். அவர் நலமாக வீடு திரும்பினார். அதையும் என் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

முதல் வாரத்தில் நடந்த ஒரு காரியத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் மிக அழகான அலை கிடைத்தது. ஒன்றைப் போலவே இன்னொன்று, அச்சில் வார்த்த மாதிரி. இப்படிப்பட்ட ஆரோக்கியத்தை நான் பார்த்ததே இல்லை என்று டாக்டரை வார்டுக்கே அழைத்து வந்து காட்டினேன். அவர் தாளைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், ஆள் எங்கே என்று கேட்டார். ஆள் கழிவறைக்குப் போயிருந்தார். போகும்போது கூட்டைக் கழற்றி மெத்தைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மேலே மெதுவாகச் சுற்றிய மின்விசிறியின் நிழல் அதன்மேல் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தது. அரை மணி நேரமாக நான் மின்விசிறிக்கு நாடி பார்த்திருக்கிறேன். டாக்டர் மின்விசிறியின் சுவிட்சை அணைத்து, அலை நிற்பதை எனக்குக் காட்டிவிட்டுப் போனார்.

அந்த அவமானத்தைத் துடைக்க எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்களின் விரலில் அலை சரியாக எழவே எழாது. சில பேருக்கு வெறும் கோடுதான் ஓடும். கருவியில் கோளாறு என்று டாக்டர் குழம்பினார். எனக்குக் காரணம் தெரியும். என் அப்பா முப்பது வருஷமாகப் பால் வெட்டுகிறவர். அவர் கைவிரல் தோல் பழைய செருப்பு மாதிரி தடித்துக் காய்ப்பேறியிருக்கும், ரப்பர் பால் ஒட்டி ஒட்டிக் கறுத்திருக்கும், நெருப்புக் குச்சி எரிந்து விரலைத் தொட்டாலும் அவருக்கு உறைக்காது. அந்தத் தோலைத் தாண்டிக் கடுகு பல்பின் வெளிச்சம் எங்கே போகும்? இதை டாக்டரிடம் சொன்னேன். ஆனால் அப்பாவைச் சொல்லவில்லை. ஒரு புத்தகத்தில் படித்தேன் என்று சொன்னேன். அவர் மிகவும் சந்தோஷப்பட்டார். படிவத்தில் 'விரல் நிலை' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டார். அப்படிப்பட்டவர்களுக்கு அந்தக் கட்டத்தில் ஆங்கிலத்தில் 'டேப்பர்ஸ் ஃபிங்கர்' என்று எழுதுவேன். எங்களுக்குள் பேசும்போது பால்வெட்டு விரல். அந்தச் சொல் இருந்தால் கோடு தட்டையாக இருப்பதை யாரும் பொருட்படுத்தக் கூடாது.

அப்பாவை ஏன் மறைத்தேன் என்றால், அந்த அறையில் ஒரு மிஸி, அதாவது நர்ஸ், இருந்தார். தைப்பிங்கில் பிறந்து வளர்ந்தவர், அப்பா அரசாங்க ஆபீசில் வேலை. அவர் என்னிடம் ஒரு நாள் உங்க அப்பா என்ன செய்கிறார் என்று சாதாரணமாகக் கேட்டார். தோட்டத்தில் கிராணி என்று சொல்லிவிட்டேன். கிராணி என்றால் தோட்ட ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்து பேர் எழுதுகிறவர். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இருக்காமல் தனி வீட்டில் இருப்பவர். துரைக்கு அடுத்து நாங்கள் பயந்த ஆள். அந்த மிஸி அதைக் கேட்டு ஒன்றும் வியந்துவிடவில்லை, ஓகோ என்றார், அவ்வளவுதான். ஆனால் நான் அன்று முதல் கிராணி மகனாகவே வாழ ஆரம்பித்தேன். கைக்குப் பவுடர்கூடப் போட்டுக்கொண்டேன்.

கருவி வந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் மாலை, மறுநாளுக்கான ஆபரேஷன் பட்டியலில் எங்கள் தோட்டத்தின் பெயர் இருந்தது. ஐம்பத்தைந்து வயது, பெண், தோட்டத் தொழிலாளி, கர்ப்பப்பை எடுக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் நூறு குடும்பம், யாரோ ஒருவராக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு பெண்கள் வார்டுக்குப் போனேன். வாசலிலேயே தெரிந்துவிட்டது. ஜன்னல் ஓரக் கட்டிலில் எங்கள் ஆயா படுத்திருந்தார்.

தோட்டத்தில் அம்மாக்கள் விடியுமுன் பால் வெட்டப் போய்விடுவார்கள். கைக்குழந்தைகளை எல்லாம் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். வரிசையாகச் சேலைத் தொட்டில் கட்டி, பால் கலக்கிக் கொடுத்து, கழுவிவிட்டு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, மதியம்வரை அத்தனையையும் மேய்ப்பவர் இந்த ஆயா. நானும் ஐந்து வயதுவரை அவர் கையில் கிடந்தவன். அந்த நாளில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்ததாகவும், அதை ஒட்டி அவர் எனக்கு ஒரு பெயர் வைத்ததாகவும் மட்டும் சொல்கிறேன். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். பதினைந்து வயதிலும் தோட்டத்துக் கடையில் எல்லோர் முன்னாலும் அப்படித்தான் கூப்பிட்டார்.

அடுத்த கட்டிலருகே அந்த மிஸி நின்றிருந்தார். ஆபரேஷன் நோயாளிகளை முந்தின நாளே பார்த்து வைப்பது அவருடைய வழக்கம். நான் உள்ளே போனால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆயா முதலில் அந்தப் பெயரைச் சொல்வார். அடுத்து, அப்பா கால்வலியோட இன்னும் மரம் வெட்டப் போறாரே, வந்து பாக்கக் கூடாதா என்று கேட்பார். இரண்டே வாக்கியத்தில் கிராணி செத்துவிடுவார்.

வாசலில் வண்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நல்ல வேளையாக ஆயா கண்ணை மூடியிருந்தார். நாளை ஆபரேஷன் இருக்கும் நோயாளியைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது தவறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதைவிடக் கருணையான ஒரு காரணம் எனக்குக் கிடைத்திருக்காது. வண்டியைத் திருப்பினேன். துணி வைக்கும் அறைக்குப் போய், மின்விசிறி இல்லாத இடமாகப் பார்த்து, காலிக் கூட்டைக் கறுப்புப் பைக்குள் போட்டுக் கருவியை ஓட்டினேன். நேர்கோடு வந்தது. அதை வெட்டி ஆயாவின் படிவத்தில் ஒட்டினேன். விரல் நிலைக் கட்டத்தில் டேப்பர்ஸ் ஃபிங்கர் என்று எழுதினேன். படிவத்தில் தோட்டத் தொழிலாளி என்றுதானே இருக்கிறது, யார் கேட்கப் போகிறார்கள்? ஆயா வாழ்நாளில் ஒரு மரம்கூட வெட்டியவரில்லை என்று அந்த ஆஸ்பத்திரியில் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

மறுநாள் காலையில் ஆபரேஷன் நடந்தது. மதியம் மயக்கம் தெளியும் அறைக்கு அவரைக் கொண்டு வந்தார்கள். மயக்கத்தில் இருந்ததால் தைரியமாகப் பக்கத்தில் போய்க் கூட்டை மாட்டினேன். கோடு தட்டையாக ஓடியது. மிஸி ரத்த அழுத்தம் பார்த்தார். கொஞ்சம் இறங்கியிருக்கிறது, பயப்படும்படி இல்லை, ஆனால் நாடி வேகமாக ஓடுகிறது என்றார். இரண்டு ஆபரேஷன்களுக்கு நடுவே டாக்டர் எட்டிப் பார்க்க வந்தார். கருவியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. உடனே படிவத்தைப் புரட்டி, நேற்றைய கோட்டைப் பார்த்தார். முகம் பழையபடி ஆனது.

"நேத்தும் இப்படித்தான் இருந்ததா?"

"ஆமா டாக்டர். பால்வெட்டு விரல்."

இதை நான் சொன்னேன். யாரும் என் தலையில் துப்பாக்கி வைத்துச் சொல்ல வைக்கவில்லை. வலியும் குளிருமாக இருக்கும், போர்வை போடுங்கள், அரை மணியில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஆபரேஷனுக்குப் போய்விட்டார்.

போர்வை போடுவதற்காக ஆயாவின் கையைப் பையிலிருந்து வெளியே எடுத்தேன். இருபது வருஷத்துக்குப் பிறகு அந்தக் கையைத் தொடுகிறேன். மிருதுவான கை. குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்த்தே பதமான கை. காய்ப்பு என்று ஒரு புள்ளி கிடையாது. ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தது.

அந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் ஓடியிருப்பான். நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். கூட்டை அடுத்த விரலுக்கு மாற்றினேன். பிறகு அதற்கடுத்த விரலுக்கு. கையை வைத்துத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மறுபடியும் மாட்டினேன். இந்தக் கையில் ஐந்து, அந்தக் கையில் ஐந்து. ஒரே ஒரு விரலிலாவது ஓர் அலை எழுந்துவிட்டால் நான் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பத்து விரலிலும் பேனா நேராகவே போனது. ஆயா உள்ளே ரத்தம் இழந்துகொண்டிருக்கலாம், அதைக் கண்டுபிடிக்க வேண்டிய டாக்டர் என் தாளை நம்பிப் போய்விட்டார், அந்தத் தாள் பொய் என்று தெரிந்தவன் நான் ஒருவன். பத்தாவது விரலில்தான் இது என் மண்டையில் ஏறியது.

ஆபரேஷன் அறை வாசலுக்கு ஓடினேன். தொப்பியை முன்பின்னாக மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். டாக்டர் ஒரு நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். என் பின்னாலேயே அந்த மிஸியும், நாடி இன்னும் ஏறிவிட்டது என்று சொல்ல வந்து நின்றார். அத்தனை பேர் முன்னால் நான் சொன்னேன்:

"டாக்டர், நேத்து நான் அவங்கள அளக்கல. அந்தக் கோடு சும்மா போட்டது. அவங்க மரமே வெட்டுனது இல்ல. எங்க தோட்டத்து ஆயா அவங்க. என்னை வளர்த்தவங்க. எங்க அப்பா கிராணி இல்ல டாக்டர், அவரும் பால்தான் வெட்றாரு."

அப்பாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் காது சுடுகிறது. ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கும்போது நான் என் பூர்வீகத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். டாக்டர் கேட்டது ஒன்றே ஒன்று.

"அளக்கல. அப்படித்தானே?"

"அளக்கல."

அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் இடத்தில் இன்னொருவரை உட்கார வைத்துவிட்டு எழுந்தார். ரத்தம் கொண்டு வரச் சொன்னார், அறுவை டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். கால் மணி நேரத்தில் ஆயா மறுபடியும் மேசைமேல் இருந்தார். உள்ளே ஒரு ரத்தக்குழாயில் போட்ட கட்டு நழுவியிருந்தது. வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருந்தது. இன்னும் அரை மணி போயிருந்தால் என்று அறுவை டாக்டர் ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார். வெளியே ஈப்போவின் வழக்கமான மாலை மழை அடித்துக்கொண்டிருந்தது. நான் ஏற்கெனவே கழுவிய குழாய்களை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டேன்.

ஆறு மணிக்கு மேல் அவர் விரலில் ஒரு சின்ன அலை எழுந்தது. அடுத்த அரை மணியில் அது வளர்ந்தது. தட்டைக் கோட்டிலிருந்து ஓர் அலை எழுந்து வருவதை நான் அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன், பின்பும் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அன்றுதான் உட்கார்ந்து அழுதேன். ஆயா அரை மயக்கத்தில் கண்ணைத் திறந்தார், என்னைப் பார்த்தார், அறை முழுக்கக் கேட்கும்படி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். அந்த ஆஸ்பத்திரியில் நான் மாற்றலாகிப் போகும்வரை ஊழியர்கள் பலருக்கு என் சொந்தப் பெயர் மறந்தே போனது.

மறுநாள் டாக்டர் கூப்பிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டியிருந்தால் ஒரு பாடு தீர்ந்திருக்கும். மேசைமேல் மூன்று மாதப் படிவங்களை அடுக்கி வைத்திருந்தார். "வந்து சொன்னீங்க, அதுக்காக உங்க பேச்சை நம்பறேன். உங்க தாளை நம்ப முடியல" என்றார். ஒவ்வொரு படிவத்தின் குறுக்கேயும் ஒரு கோடு இழுத்து என் பக்கம் தள்ளினார். மற்றதெல்லாம் உண்மையாக அளந்தது டாக்டர், சத்தியமாக என்று சொன்னேன். இருக்கலாம் என்றார், கோட்டை இழுத்துக்கொண்டே. பால்வெட்டு விரல் என்ற கண்டுபிடிப்பும் அந்தக் கட்டோடு குப்பைக்குப் போனது. அடுத்த வாரம் முதல் தாளிலிருந்து ஆரம்பித்தோம். அளப்பவன் மறுபடியும் நானே. என்மேல் கருணை வைத்துக் கொடுத்தார் என்று சில நாள் நம்பினேன். வண்டி தள்ள வேறு ஆள் இல்லை என்பதுதான் நிஜம்.

மிஸி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கிராணி பொய்க்காகத்தான் என்று நினைத்து மன்னிப்புக் கேட்கப் போனேன். "உங்க அப்பா கிராணியா இருந்தா என்ன, துரையா இருந்தா என்னலா?" என்றார். "அந்தத் தாளை நம்பி நானும் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தேனே, அதைத்தான் என்னால தாங்க முடியல." பிற்பாடு அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய், ஓர் ஆசிரியரைக் கட்டிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். நான் பவுடர் போடுவதை நிறுத்தினேன்.

பத்தாம் நாள் ஆயாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும் முன் கடைசியாக ஒரு முறை அளந்துவிடச் சொல்லியிருந்தார் டாக்டர். வண்டியைத் தள்ளிக்கொண்டு அதே வார்டுக்குப் போனேன். லாரி ஓட்டும் அவருடைய மகன் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்து, துணிமணிகளைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். நீங்க மட்டும் மெஷின்ல பார்த்துச் சொல்லலைன்னா எங்கம்மா இல்லை அண்ணே என்றார். தோட்டம் முழுக்க இதே பேச்சு என்றும், என் அப்பாவைப் பிடித்து எல்லோரும் காப்பி வாங்கிக் கொடுக்கிறார்கள் என்றும் சொன்னார். நான் இல்லை என்று சொல்லவில்லை. சிரித்து வைத்தேன். ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் வாங்கிக்கொண்டேன்.

மகன் பையைத் தூக்கிக்கொண்டு வண்டி பார்க்க வெளியே போனார். ஆயாவின் விரலில் கூட்டை மாட்டி, கையைப் பைக்குள் விட்டு, அது அசையாமல் இருக்க வெளியே என் கையால் பிடித்துக்கொண்டேன். அலை நன்றாக எழுந்தது, உயரமாக, தெளிவாக. வாழைப்பழம் மடியில் கனத்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"ஆயா, ஆபரேசனுக்கு முந்துன நாளு நான் ஒங்கள வந்து பாக்கல. பாத்துருந்தா அவ்ளோ தூரம் போயிருக்காது. நான் வரவே இல்ல."

ஆயா என்னையே பார்த்தார்.

"வந்தியே" என்றார். "வாசல்ல வண்டியோட நின்னியே, பாத்தேன். பக்கத்துல அந்த மிஸி நின்னுச்சி. நான் வாயத் தொறந்தா ஒனக்கு வெக்கமா போயிருமேன்னுதான் கண்ண மூடிக்கிட்டேன். நீ உள்ள வந்துட்டுப் போவேன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார். குற்றம் சொல்கிற குரலே இல்லை. கொட்டகையில் ஒரு குழந்தை நனைத்துவிட்டால் துணியை மாற்றிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி இருப்பாரே, அந்த முகம்தான். நான் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் டாக்டர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். பாதிவரை அலை அழகாக இருந்தது. அதற்குப் பிறகு தாறுமாறாகக் குதித்தது.

"இங்க என்ன ஆச்சு? அவங்களுக்குக் கை நடுங்குச்சா?"

"இல்ல டாக்டர். அவங்க கை ஆடாமத்தான் இருந்துச்சு. என் கைதான்."

அவர் படிவத்தைத் திருப்பி என்னிடம் கொடுத்தார். குறிப்பு எழுதும் இடத்தைக் காட்டி, அதையே எழுதச் சொன்னார். எழுதினேன்.